இரண்டாவது வெடி

குடாநாட்டில் எந்த மைதானத்தில் ஓட்டப்போட்டி நடந்தாலும் வெடி வைத்துத் தொடக்கிவிடுகிற ஸ்டாட்டர் யாரென்று எவரும் கேட்பதில்லை. கதிரவேலு மாஸ்டர்தான். விளையாட்டு ஆசிரியராக இருந்து இளைப்பாறிய பிறகும் அந்தப் பதவியை மட்டும் அவர் விடவில்லை. விடச்சொல்லிக் கேட்கிற துணிவும் யாருக்கும் வரவில்லை. சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சின்ன மேடையில் ஏறி, வலது கையை வளைவில்லாமல் வானத்துக்கு நீட்டி, "ஒன் யுவர் மாக்" என்று அவர் இழுக்கிற இழுப்பில் கச்சான் கடலை விற்கிறவனும் கூவுவதை நிறுத்திவிடுவான். எப்போதும் ஒற்றைக் கைதான். இரண்டு கையால் பிஸ்டலைப் பிடிக்கிற ஸ்டாட்டர்களைக் கண்டால் அவருடைய வாய் சும்மா இருக்காது. "உவர் என்ன, சோத்துக் கிடாரத்தைத் தூக்கிறாரோ" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

அது குண்டு போகிற பிஸ்டல் அல்ல. சத்தத் தோட்டா போட்டு வெடி வைக்கிற பிஸ்டல். மற்றபடி அசலின் அச்சுத்தான்: பிடிக்குள் தோட்டா அடுக்குகிற மகசின், மேலே பின்னுக்குப் போய் வருகிற ஸ்லைட் எல்லாம் உண்டு. சண்டைக் காலம் முழுக்க மாஸ்டர் இரண்டு பலகைத் துண்டுகளை ஒன்றோடொன்று அடித்துத்தான் பிள்ளைகளை ஓடவிட்டவர். பிறகு ஓட்டப்போட்டிகளை நடத்துகிற மெய்வல்லுநர் சங்கம் இந்தப் பிஸ்டலை வாங்கிக் கொடுத்தபோது, முதல் வெடிக்கே பார்க்க வந்த சனத்தில் பாதி நிலத்தில் குந்திவிட்டது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எழும்பி, உடுப்பைத் தட்டிக்கொண்டு, ஓட்டத்தைப் பார்த்தார்கள்.

தோட்டா கொழும்பிலிருந்து வரவேண்டும். அதற்குப் பொலிசின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு அலைந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆகவே தோட்டா விஷயத்தில் மாஸ்டர் கடும் கஞ்சன். பின்னேரங்களில் மருதனார்மடத்துக்குக் கிட்ட உள்ள மைதானத்தில் நாலைந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டத் தொடக்கம் பழக்குவார். முதல் வெடிக்கு முன்பே யாராவது பாய்ந்துவிட்டால், உடனே இரண்டாவது வெடி வைத்து எல்லாரையும் நிறுத்தித் திருப்பி அழைப்பதுதான் ஸ்டாட்டரின் முறை. பயிற்சியில் அந்த இரண்டாவது வெடியை அவர் வைப்பதேயில்லை. ஒரு தோட்டா மிச்சமென்று, "நில்" என்று கத்துவார். அந்தக் குரலுக்கு ஓடுகிற பிள்ளைகள் ஆணி அடித்தது போல் நிற்பார்கள். நிற்காதவர்களுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம்.

அந்தக் குரலுக்கு எல்லாருக்கும் முந்தி நிற்கிறவள் கஜானி. மயிலிட்டியில் மீன்பிடிக்கிற கந்தப்புவின் மகள். அகதி முகாம்களில் வளர்ந்து, இராணுவம் பிடித்திருந்த கரை திரும்பக் கிடைத்த பிறகு ஊருக்குப் போன குடும்பம். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவாள். ஓட்டம் முடிந்தால் மற்றப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைத் தேடி ஓட, இவள் மட்டும் குனிந்து, வெடித்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி அவரிடம் கொண்டுவந்து கொடுப்பாள். புல்லுக்குள் கிடந்தால் யாருடைய காலையாவது வெட்டும் என்பது அவளுடைய நியாயம். அவள் நூறு மீற்றர் ஓடுகிறதைப் பார்த்த அன்றே மாஸ்டர் மனதுக்குள் தீர்மானித்துவிட்டார், இந்தப் பிள்ளை கொழும்புக்குப் போகவேண்டிய பிள்ளை என்று. அது அவளுக்கு அந்த வயதுப் பிரிவில் கடைசி வருடம். சங்கத்தின் போட்டியில் முதலாவதாக வருகிற ஒருத்திக்குத்தான் கொழும்புத் தெரிவுப் போட்டி. தவறினால் பிறகு வீட்டில் ஓடவிட மாட்டார்கள். அதை அவளே மாஸ்டருக்குச் சொல்லியிருந்தாள்.

அந்த வருடம் சித்திரை கழிந்த பிறகுதான் பிஸ்டல் அடம்பிடிக்கத் தொடங்கியது. முதல் வெடி நன்றாக வெடிக்கும். இரண்டாவதுக்கு விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. பார்த்தால், வெடித்த கோது வெளியே போகாமல் ஸ்லைட்டின் வாயில் கடிபட்டுக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் கோது போயிருக்கும், அடுத்த தோட்டா மகசினை விட்டு மேலே ஏறியிருக்காது.

மாஸ்டர் முதலில் தோட்டாவைத் திட்டினார். பெட்டி பழசு, ஈரம் பிடித்துவிட்டது, மருந்து வலுவில்லை என்றார். புதுப் பெட்டி வந்தது. அதிலும் அதே கதை. பிறகு மகசினில் பழியைப் போட்டார். அவரிடம் மகசின் இரண்டு இருந்தன. எது களவாணி என்று கண்டுபிடிக்க, மனைவி கேதீஸ்வரியின் நகப்பூச்சை எடுத்து ஒன்றில் பொட்டு வைத்தார். பொட்டு வைத்ததும் சிக்கியது, வைக்காததும் சிக்கியது. மகசினின் வாய் விளிம்பு வளைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். வளையவில்லை. உள்ளே இருக்கிற சுருளை இழுத்துப் பார்த்தார். வலுவாகத்தான் இருந்தது. தோட்டா ஏறுகிற வழியில் படிந்திருந்த கரியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினார். எண்ணெய் விட்டார். எண்ணெய் கூடிப்போனதோ என்று துடைத்தார். முற்றத்தில் பழைய பேப்பரை விரித்துப் போட்டுக்கொண்டு மனிசன் ஒரு கிழமையாக இருந்த இருப்பைப் பார்த்த கேதீஸ்வரிக்கு உண்மை விளங்கிவிட்டது. அவள் பிஸ்டலைப் பார்க்கவில்லை. பிஸ்டலைப் பிடித்த கையைத்தான் பார்த்தாள்.

பங்குனியில் மாஸ்டருக்குச் சின்னதாக ஒரு பாரிசவாதம் வந்து போயிருந்தது. வாய் கோணவில்லை, நடை மாறவில்லை. வலது கையின் பிடிதான் பாதியாகக் குறைந்துபோனது. வைத்தியர் ஒரு றப்பர் பந்தைக் கொடுத்து, நாள்தோறும் அமத்தி அமத்திப் பயிற்சி செய்யுங்கள் என்றார். மாஸ்டர் அந்தப் பந்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களின் கண்ணில் படக்கூடாதாம். போத்தல் மூடியை அவர் திறக்க மாட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவதையும், கேதீஸ்வரி திறந்து வைப்பதையும் அந்த வீட்டில் இருவரும் கண்டும் காணாத மாதிரி நடத்திவந்தார்கள்.

"இஞ்சருங்கோ, சங்கத்திலை சொன்னால் என்ன? அவை உங்களைத் தின்னவே போகினம்?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"என்னத்தைச் சொல்லுறது? எனக்கென்ன வருத்தம்? உது பிஸ்டலின்ரை வருத்தம்."

அடுத்த பின்னேரம் கிருஷாந் மைதானத்துக்கு வந்தான். மாஸ்டரிடம் படித்து, இப்போது தானும் விளையாட்டு ஆசிரியராக இருக்கிற பொடியன். பிஸ்டலை வாங்கி, வானத்துக்குப் பிடித்து, அடுக்காக வெடி வைத்தான். ஒன்றும் சிக்கவில்லை. கோதுகள் துள்ளிக்கொண்டு ஒரே பக்கமாய்ப் போய் விழுந்தன.

"நல்லாத்தானே வேலை செய்யுது மாஸ்டர்."

"பாத்தியே, நான் விட்ட எண்ணெய்தான்" என்றார் மாஸ்டர்.

அவருக்குத் தெரியாததல்ல. இந்தப் பிஸ்டலின் சூத்திரத்தை ஒரு காலத்தில் கிருஷாந்துக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். வெடிக்கிற வேகத்தில் ஸ்லைட் பின்னுக்குப் பாய்கிறபோது, அடியில் இருக்கிற பிஸ்டலின் உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் ஸ்லைட் முழுத்தூரமும் போய், கோதைத் தட்டி எறிந்து, திரும்பி வருகையில் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வரும். மணிக்கட்டு தொய்ந்தால் பிஸ்டலும் கூடவே பின்னுக்குப் போகும். ஸ்லைட் பாதி வழியில் திரும்பிவிடும். மகசினை மாற்று, தோட்டாவை மாற்று, இரண்டும் சரியென்றால் பிடிக்கிற ஆளை மாற்றிப் பார் என்பது அவர் சொன்ன பாடம். மூன்றாவது சோதனை அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே நடந்து முடிந்தது. பெறுபேற்றை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு புதுப் பழக்கத்தை உண்டாக்கினார். ஒவ்வொரு வெடியும் வைத்த உடனே இடது கையால் ஸ்லைட்டை ஒரு இழு இழுத்துவிடுவார். சிக்கியிருந்தாலும் கோது விழுந்துவிடும், அடுத்தது ஏறிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு லாவகம் போலத் தெரியும். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் இழுப்பதற்கு நேரம் தாராளமாக இருந்தது. இரண்டாவது வெடிக்குத்தான் இருக்காது. பயிற்சியில் இரண்டாவது வெடியே கிடையாது என்பதால் அது அவருடைய மனதில் ஏறவில்லை, அல்லது ஏறவிடவில்லை.

போட்டி ஆவணியில் வந்தது. முறைப்படி ஸ்டாட்டருக்குப் பின்னால் இன்னொரு பிஸ்டலோடு இன்னொருவர் நிற்க வேண்டும், ஓட்டத்தைத் திருப்பி அழைப்பதற்கு. அந்தத் தரம் ஒரு பிஸ்டலுக்குத்தான் அனுமதி வந்திருந்தது.

"நான் ஒரு விசிலோடையெண்டாலும் பின்னாலை நிக்கட்டே மாஸ்டர்?" என்று கிருஷாந் கேட்டான்.

"இவ்வளவு காலமும் ஆர் நிண்டது எனக்குப் பின்னாலை? நீ போய் முடிவுக் கோட்டைப் பார்."

கிருஷாந் போய்விட்டான். அந்த விசில் ஒன்று அங்கே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிறகு எத்தனையோ இரவு மாஸ்டரைத் தூங்கவிடாமல் செய்ததும் அந்த விசில்தான்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் நூறு மீற்றர் இறுதி ஓட்டம். நடுத்தடத்தில் கஜானி. அவளுக்கு வலப்பக்கத்துத் தடத்தில் தக்சாயினி, அவளும் நல்ல ஓட்டக்காரி, தென்மராட்சிப் பிள்ளை. மாஸ்டர் மேடையில் ஏறினார். கஜானி ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தாள். அவர் பார்க்காதவர் போல் நின்றார். ஸ்டாட்டருக்கு எல்லாப் பிள்ளையும் ஒரு பிள்ளைதான் என்பதை அவர் ஒருபோதும் மீறியதில்லை, அதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

"ஒன் யுவர் மாக்." சனம் அடங்கியது. "செற்." இடுப்புகள் உயர்ந்தன. விசையில் விரல் அழுந்துகிற அதே நொடியில் தக்சாயினி கிளம்பிவிட்டாள். கள்ளமில்லை, பதற்றம். வெடி அவளுக்குப் பிறகுதான் கேட்டது. மாஸ்டருடைய கண்ணுக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது. இரண்டாவது தரம் விசையை இழுத்தார்.

வெடிக்கவில்லை.

திரும்பவும் இழுத்தார். விசை செத்துக் கிடந்தது. பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"நில்."

சனத்தின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்டதோ தெரியாது. கேட்டிருந்தாலும், வெடிக்கு நிற்கப் பழகிய பிள்ளைகள் குரலுக்கு ஏன் நிற்கப் போகிறார்கள். ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். கஜானி நின்று, திரும்பி, முடிவுக் கோட்டைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள், மற்றவர்களும் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள் என்கிற நம்பிக்கையோடு. அவளுக்குப் பின்னால் சனம் ஆரவாரித்தது. தக்சாயினி முதலாவதாக வந்திருந்தாள்.

மாஸ்டருடைய இடது கை வழக்கம் போல ஸ்லைட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தது. கடிபட்டு நின்ற கோது மேடைக்குக் கீழே விழுந்தது. நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைத் தானே தட்டி விழுத்திவிட்டதை அவர் விழுந்த பிறகுதான் உணர்ந்தார்.

கஜானியின் பள்ளிக்கூடம் மேன்முறையீடு செய்தது. அதை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவி பராசக்தி ரீச்சர். பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர், நிதானமான மனுசி. கொட்டகைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் கதிரை போட்டு எல்லாரையும் கூப்பிட்டார். கஜானி சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஒரு பக்கமாய் நின்றாள். அழவில்லை. கால் விரலால் மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

"பிழையான தொடக்கம், ரீச்சர். நான் ரெண்டாவது வெடிக்கு இழுத்தனான். பிஸ்டல் சிக்கிப்போச்சு" என்றார் மாஸ்டர். அது வரைக்கும் அவர் சொன்னது உண்மை.

தக்சாயினியின் ஆசிரியர் கோகுலன் விடவில்லை. "பின்னேரத்திலை மாஸ்டர் பழக்கிற பிள்ளை தோத்துப்போச்சு, உடனை பிஸ்டல் சிக்கிப்போச்சாம். காலமை துவக்கம் எத்தினை ஓட்டம் நடந்தது? ஒருக்காலும் சிக்காத பிஸ்டல் இதுக்கு மட்டும் ஏன் சிக்கினது?"

"மாஸ்டரைப் பற்றி அப்பிடிக் கதைக்காதேங்கோ தம்பி" என்றார் பராசக்தி ரீச்சர். பிறகு யோசித்துவிட்டு, "எண்டாலும் ஒண்டு செய்வம். பிஸ்டலிலை பிழை இருக்கெண்டால் அது இப்பவும் தெரியும்தானே. தெரிஞ்சால் ஓட்டத்தைத் திரும்ப வைக்கிறதிலை எனக்கு மறுப்பில்லை. பிள்ளையள் இன்னும் போகேல்லை."

மாஸ்டருக்கு நெஞ்சுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. கிருஷாந் பிஸ்டலை வாங்கினான். மகசினைக் கழற்றிப் பார்த்தான், வாயை ஊதினான், தோட்டா நிரப்பினான், மேலே பிடித்து அடுக்காக வெடி வைத்தான். எல்லாம் ஒழுங்காய் வெடித்தன. மற்ற மகசினையும் போட்டுப் பார்த்தான். அதுவும் ஒழுங்கு. கோகுலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிஸ்டலிலை ஒண்டும் இல்லை ரீச்சர்" என்றான் கிருஷாந், மாஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியாமல்.

"அப்ப நீங்களும் ஒருக்கா வையுங்கோ மாஸ்டர்" என்றார் ரீச்சர். "உங்கடை கையிலைதானே சிக்கினது."

கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மாஸ்டர் பிஸ்டலைக் கையில் வாங்கினார். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வழக்கம் போல ஒற்றைக் கையை உயர்த்தி இரண்டு வெடி வைக்க வேண்டும். இரண்டாவது வெடிக்காது. எல்லாரும் காண்பார்கள். ரீச்சர் ஓட்டத்தைத் திரும்ப வைப்பார். கஜானி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போவாள். அதோடு, பிழை பிஸ்டலில் இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், பிழை எதில் என்பதையும் எல்லாரும் காண்பார்கள். பிறகு அந்தச் சின்ன மேடையில் அவரை யாரும் ஏற்ற மாட்டார்கள். மற்றவர்களைப் பார்த்துக் கிடாரம் தூக்குகிறாரோ என்று கேட்ட வாயைப் பார்த்து நாளைக்கு நாலு பேர் பாவம் என்பார்கள். அந்தப் பாவம் என்கிற சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பிஸ்டலை உயர்த்தினார். இடது கை எழும்பிப் போய் வலது மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. இடது கை தானாகப் போனது என்று பிறகு தனக்குத்தானே பலதரம் சொல்லிக்கொண்டார். எந்தக் கையும் தானாகப் போவதில்லை. வெடி வைத்தார். ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, பிறகும் ஒன்று. கோதுகள் அழகாகத் துள்ளி மண்ணில் விழுந்தன. சுத்தமான வேலை. அதைவிடச் சுத்தமாக ஒரு பிள்ளையின் காலை யாரும் வாரியிருக்க முடியாது.

பராசக்தி ரீச்சர் பெருமூச்சு விட்டார். "உங்கடை கையிலையும் சரியாத்தான் வேலை செய்யுது. நீங்கள் ரெண்டாவது தரம் இழுத்தது நிச்சயம்தானோ மாஸ்டர்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

ரீச்சர் இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருந்தார். மாஸ்டர் அதற்குள்ளாகவும் போகவில்லை.

"சரியாய்த் தெரியேல்லை ரீச்சர். ஒரு சந்தேகத்திலைதான் கத்தினன். இழுத்தனோ, இழுக்க நினைச்சனோ."

"அப்ப முடிவை மாத்தேலாது" என்றார் ரீச்சர். கோகுலன் கையை அவிழ்த்துக்கொண்டு, மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். மாஸ்டர் கஜானியின் பக்கம் பார்க்காமல் பிஸ்டலைப் பெட்டிக்குள் வைத்தார். நிமிர்ந்தபோது அவள் அவருக்கு முன்னால் நின்றாள். மண்ணில் கிடந்த கோதுகளை வழமை போலப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இந்தாங்கோ சேர்" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கினார்.

அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. மாஸ்டர் இரண்டொரு பின்னேரம் றோட்டைப் பார்த்தபடி நின்றார். போட்டி முடிந்தும் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். மயிலிட்டிப் பக்கத்திலிருந்து அந்தச் சைக்கிள் வரவில்லை. தக்சாயினி கொழும்புக்குப் போய் ஓடினாள், எட்டுப் பேரில் கடைசிக்கு முன்னதாக வந்தாள் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பிள்ளையை அவர் குறைசொல்லவில்லை. ஆனால் கஜானி அன்றாடம் ஓடிய நேரத்தை அறிந்தவர் அவர் ஒருவர்தான். அதை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கார்த்திகையில், மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், பராசக்தி ரீச்சரின் வீட்டுக்குப் போனார். குடையை வாசலில் சாத்திவிட்டு, இருக்கவும் மாட்டேனென்று நின்றுகொண்டே சொன்னார். கை, வாதம், பந்து, இரண்டு கையால் பிடித்தது எல்லாம்.

"அண்டைக்கு இதை என்ரை காதுக்குள்ளை சொல்லியிருந்தாலும் போதும் மாஸ்டர். இப்ப நான் என்ன செய்ய? கொழும்புப் போட்டியும் முடிஞ்சுது, அந்தப் பிள்ளைக்கு வயதும் முடியுது."

மாஸ்டர் பிஸ்டலைச் சங்கத்திடம் ஒப்படைத்தார். ஸ்டாட்டர் கிருஷாந் என்றானது. ஒருவரும் அவரைப் பாவம் என்று சொல்லவில்லை. உடம்பைப் பாருங்கோ மாஸ்டர் என்று சொல்லிவிட்டுத் தங்கள் அலுவலைப் பார்த்தார்கள். இவ்வளவுதானா என்று அவருக்கு இருந்தது. இந்த அற்பத்துக்குப் பயந்தா அதைச் செய்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பின்னேரப் பயிற்சியை மட்டும் அவர் விடவில்லை. கிருஷாந் வெடி வைப்பான், அவர் பக்கத்தில் நின்று பிள்ளைகளின் காலைப் பார்ப்பார். யாராவது முந்திப் பாய்ந்தால் அவருடைய வாய் பழைய பழக்கத்தில் "நில்" என்று கத்தும்.

தைப்பொங்கல் கழிந்து பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்குகிற காலத்தில்தான் கஜானி இருக்கிற இடம் தெரிந்தது. மருதனார்மடம் சந்தியில் ஒரு புடைவைக் கடை. அந்தக் கடைக்கு முன்னால்தான் அவர் நாள்தோறும் சைக்கிளில் போய் வந்திருக்கிறார். ஒரு முற்பகல், சந்தைச் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து உள்ளே போனார். அவள் யாரோ விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போன சீலைகளை மடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவரைக் கண்டதும் பழைய மாதிரியே சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் எதிர்பார்க்கவில்லை.

"வாங்கோ சேர். அன்ரிக்குச் சீலையோ?"

"இல்லைப் பிள்ளை. உன்னட்டை ஒரு கதை கதைக்கவேணும்."

சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, தட்டி, அடுக்கில் வைத்து, அடுத்ததை எடுத்தாள். அவருக்குச் சொற்கள் தடுமாறின. ரீச்சருக்குச் சொன்ன மாதிரி இங்கே கோவையாக வரவில்லை. கடைசியில், "நான் ரெண்டு கையாலை பிடிச்சுத்தான் வைச்சனான், பிள்ளை" என்று மட்டும் வந்தது.

"தெரியும் சேர். கண்டனான்."

மாஸ்டர் அவளையே பார்த்தார்.

"நெடுகலும் ஒரு கையாலைதானே வைக்கிறனீங்கள். பின்னேரத்திலை சிக்கிறதும் எனக்குத் தெரியும். கோது பொறுக்கிறது நான்தானே. தானாய்ப் பாயிற கோது எட்டப்போய்க் கிடக்கும். நீங்கள் கையாலை இழுக்கிற கோது உங்கடை காலடியிலை கிடக்கும். சித்திரைக்குப் பிறகு முழுக்க உங்கடை காலடியிலைதான் பொறுக்கினனான்." அவள் ஒரு சீலையை உதறினாள். "ஓட்டத்தண்டும் எங்கடை ஓட்டத்துக்கு வைச்ச கோது மேடைக்குக் கீழை கிடந்தது. அதையும் எடுத்துத்தான் தந்தனான்."

உள்ளங்கையில் நீட்டிய அந்தக் கோதுகள் மாஸ்டருக்கு நினைவில் வந்தன. எண்ணிப் பார்க்கவே இல்லை அவர்.

"அப்ப ஏன் பிள்ளை நீ ரீச்சருக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு மரியாதை இல்லாமல் போயிடும் எண்டு யோசிச்சன்." அவள் ஒரு மடிப்பை நீவிவிட்டாள். "நீங்களே சொல்லுவியள் எண்டும் நினைச்சன். அதுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவருடைய கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்க்காமல் அடுக்கை நேராக்கினாள். கடைக்காரர் உள்ளேயிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள்.

"வாறன்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"பின்னேரத்திலை இப்பவும் பழக்கிறியளோ சேர்?"

"ஓம் பிள்ளை."

"நில் எண்டு கத்திப் பழக்காதேங்கோ. தோட்டா போனால் போகட்டும், ரெண்டாவது வெடியை வைச்சே பழக்குங்கோ."

அவர் ஓமென்று தலையாட்டினார். அவள் அளவுகோலை எடுத்துக்கொண்டு, காத்திருந்தவர்களிடம் போனாள்.